படகில் பேசுகிறான், பள்ளியில் வாய் திறக்கமாட்டேன் என்கிறான்: திக்கும் வளரிளம் பிள்ளைகளின் மனசுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"போட்ல ஏறிட்டா நல்லாத்தேன் பேசுறான் சார். கரைக்கு வந்தா வாய் ஒட்டிக்கிருது. வேணும்னே நடிக்கிறான்." ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்து அப்பா ஒருவர் என்னிடம் சொன்னது இது. பையனுக்கு 14 வயது. பக்கத்திலேயே நின்றுகொண்டு கால் கட்டைவிரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தான்.

அவன் நடிக்கவில்லை. இன்ஜின் இரைச்சலில் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது. அப்படிப்பட்ட நேரத்தில் திக்குபவர்கள் பலருக்குத் திக்கல் குறைந்துவிடும். பாடும்போதும், பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும், ஆட்டுக்குட்டியிடம் பேசும்போதும் இப்படித்தான். கீழக்கரையில் ஒரு பையன் குர்ஆனை ராகத்தோடு கிராஅத் ஓதினால் தெருவே நின்று கேட்கும். அவனிடம் பெயரைக் கேட்டால் அரை நிமிஷம் ஆகும். இதைப் பார்த்த வீட்டார் "இவனுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பயம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நான் வாத்தியார். நானும் திக்குவேன். இன்றைக்கும் 'ம' எழுத்தில் மாட்டிக்கொள்வேன், மண்டபத்தில் பிறந்துவிட்டு! கீழே இருப்பது பெரும்பாலும் 11 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும். பிள்ளைகளும் படிக்கலாம், ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

படி 1: திக்கலையும் பயத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

திக்கல் பயத்தால் வருவதில்லை. பேச்சுக்கான தசைகளை நேரத்துக்கு இயக்குகிற மூளையின் வேலையில் உள்ள வித்தியாசம் அது. பரம்பரையும் சேரும். 2010-ல் திக்கலோடு தொடர்புள்ள மரபணுக்கள் சிலவற்றை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். சித்தப்பாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கு இருந்தது என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வது வெறும் பேச்சு இல்லை.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். 100 குழந்தைகளில் சுமார் 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவோ சிகிச்சையிலோ சின்ன வயதிலேயே போய்விடும். மொத்த மக்களில் 100-க்கு ஒருவருக்கு அது தங்கிவிடுகிறது. 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் ஐந்தாறு பேர் இருக்கலாம். உங்கள் பள்ளியில் ஒருவரைத்தான் தெரியும் என்றால் மற்றவர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

15 வயதிலும் திக்கல் இருந்தால், அது முழுதாக மறைந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குறையும், கூடும், நல்ல நாள் கெட்ட நாள் என்று மாறும். பிள்ளைக்கு இது ஏற்கெனவே தெரியும். நமக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பயம் பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. நாலு வயதுப் பிள்ளை திக்கினாலும் பெரும்பாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பத்து வயதில் யாராவது 'தெத்துவாயன்' என்று கூப்பிடுவார்கள். பதின்மூன்றில் அந்தக் குரல் அவன் தலைக்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிடும். பயம் கூடினால் உடம்பு இறுகும், இறுகினால் திக்கல் கூடும். பயம் திக்கலின் விதை இல்லை, அதற்குப் போடும் உரம்.

திக்கலே இல்லாத பிள்ளைக்குப் பதினைந்து வயதில் திடீரென்று திக்கல் வந்தால் அது வேறு கதை. தலையில் அடி, வலிப்பு, புது மாத்திரை, பெரிய அதிர்ச்சி ஏதாவது இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 2: தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாரைத் தேடுங்கள்

ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர், அவரும் திக்குபவர்தான், 1970-ல் திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். கண்ணுக்குத் தெரிவது நுனி மட்டும். வெட்கம், பயம், குற்ற உணர்வு, ஒளிப்பு எல்லாம் நீருக்குள். நம் ஊர்க்காரர்கள் பனிப்பாறையை எங்கே கண்டார்கள்? ஆனால் பார், அதாவது கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு, தெரியும். வெளியே ஒரு முழம்கூடத் தெரியாது, படகின் அடியைக் கிழித்துவிடும்.

அந்தப் பார் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ராம்நாட்டில் பஸ் ஏறும் ஒரு பையன் பாம்பனில் இறங்க வேண்டும். 'பா' வராது. உதடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கண்டக்டர் வந்ததும் "ராமேஸ்வரம் ஒண்ணு" என்று வாங்கிக்கொண்டு பாம்பனில் இறங்கிவிடுவான். இரண்டு வருஷம் இப்படியே போனான். கூடுதல் காசுக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் வீட்டில் திருட்டுப்பட்டம் வேறு. கண்டக்டர் கண்ணுக்கு அவன் திக்கவே இல்லை. அம்மா கண்ணுக்கும் அந்த வருஷம் "கொஞ்சம் பரவாயில்லை."

ஒளிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு சொல் வராது என்று அரை நொடிக்கு முன்பே கண்டுபிடித்து மாற்றுச்சொல் போடுவார்கள். "தண்ணி" வராதென்றால் "குடிக்க எதாச்சும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "வந்து... வந்து..." போட்டு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள். விடை தெரிந்தும் "தெரியாது சார்" என்பார்கள், ஏனென்றால் அது சுலபமாக வருகிறது. வாசிக்கும் முறை தன்னிடம் வர நாலு பேர் இருக்கும்போது பாத்ரூம் கேட்பார்கள். ரேங்க் கார்டில் "அமைதியான மாணவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நானே போட்டிருக்கிறேன், என்னையே அப்படி எழுதியவர்களைத் திட்டிக்கொண்டு.

ஆகத் திக்கல் குறைவதை மட்டும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளிப்பு கூடினாலும் திக்கல் குறைந்ததுபோலத்தான் தெரியும்.

பெயர் விஷயமும் இதுதான். வேறு எதையும் மாற்றிச் சொல்லலாம், சொந்தப் பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது. கடலுக்குப் போக டோக்கன் வாங்குமிடத்தில் படகு நம்பரும் அப்படியே. "பேருகூடவா மறந்துபோச்சு?" என்று சிரிப்பவர் நல்ல மனுஷராகவே இருக்கலாம். அந்தச் சிரிப்பு பையனோடு வீடுவரை வரும்.

படி 3: ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

திருத்தாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். யாரிடம் பேசினான், யாரைத் தவிர்த்தான், எப்போது தங்கச்சியைப் பேசவிட்டான், எந்தக் கிழமை காலையில் வயிற்றுவலி வந்தது. திங்கள், வியாழன் மட்டும் வயிறு வலிக்கிறதென்றால் அன்றைய பீரியடுகளைப் பாருங்கள், வாசிப்பு இருக்கும். கண்ணை இறுக்கி மூடுவது, தொடையில் தட்டுவது, தலையை வெட்டுவது இருந்தால் அதையும் குறியுங்கள். அவை சொல்லைப் பிடுங்கி எடுக்கப் பழகிய தந்திரங்கள். முதலில் உதவியிருக்கும், பிறகு உதவி நின்றுபோய் பழக்கம் மட்டும் தங்கியிருக்கும்.

படி 4: பேச்சைத் தொடங்குங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீடுகளில் அப்பா கரையில் இருக்கும் காலம் அது, பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கையில் காசு இல்லாத காலம், அதனால் வீட்டில் எரிச்சல் இருக்கும் என்பதும் உண்மை. எரிச்சலான நாளில் தொடங்காதீர்கள்.

எதிரெதிரே உட்காரவைத்து "உன் கூடப் பேசணும்" என்று ஆரம்பித்தால் பிள்ளை சுருண்டுவிடும். கிழிந்த வலையைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். இருவர் கண்ணும் வலையில் இருக்கட்டும். சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: "ஏலேய், நீ பேசுறப்ப சொல்லு சிக்கிக்கிருதுன்னு எனக்குத் தெரியும்டா. அது தப்பில்ல. எங்க ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தோணுறப்ப சொல்லு." அவ்வளவுதான். பதில் உடனே வராது. மூன்று நாள் கழித்து வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே வரும். அப்போது கையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பல வீடுகளில் திக்கல் என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள், பிள்ளை நொந்துபோகும் என்று. பிள்ளை அதை வேறு மாதிரிப் படிக்கிறது: அப்பா அம்மாவே வாயில் சொல்ல முடியாத அளவுக்கு அசிங்கமான ஒன்று எனக்கு இருக்கிறது. 'திக்குது' என்று சாதாரணமாகச் சொல்லப் பழகுங்கள், 'சளி பிடிச்சிருக்கு' என்பதுபோல.

படி 5: வீட்டில் சிலதை நிறுத்துங்கள்

"மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "யோசிச்சுப் பேசு." மூன்றையும் நிறுத்துங்கள். யோசிக்காமல் அவன் திக்கவில்லை, என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சொல்லை நீங்களே முடித்துக்கொடுப்பதையும் நிறுத்துங்கள். பாதி நேரம் தப்பான சொல்லைத்தான் கொடுப்பீர்கள், அவன் சண்டை போடத் தெம்பில்லாமல் தலையாட்டிவிடுவான். இன்ன மீன் வாங்கிவரச் சொல்ல நினைத்து இன்னொரு மீனைத் தின்ற கதை எனக்கே இருக்கிறது.

திருத்திக்கொண்டே இருப்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1939-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அனாதை விடுதிக் குழந்தைகள் 22 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். சரியாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "நீ திக்குகிறாய், பேச்சைக் கவனி, சரியாக வராவிட்டால் பேசாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் அப்படியே திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசத் தயங்கினார்கள், கூசினார்கள், ஒதுங்கினார்கள். 2001-ல் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. திக்கல் இல்லாத பிள்ளையே அப்படிச் சுருண்டதென்றால் திக்கும் பிள்ளை என்ன ஆகும்?

வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைப்பது, நாக்குக்குக் கீழே வெட்டிவிடுவது எதுவும் திக்கலுக்கு வேலை செய்யாது. கூழாங்கல் தொண்டையில் போனால் உயிருக்கே ஆபத்து. ஏர்வாடிக்கோ ஓரியூருக்கோ நேர்ந்துகொள்வதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு "இவனுக்கு வாய் வரணும்" என்று அழாதீர்கள், அது போதும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்ற பழமொழியையும் அவன் காதுபடச் சொல்ல வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவன் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது. ஐந்து நொடி காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று செய்துபார்த்தால் தெரியும்.

படி 6: பள்ளியில் பேசுங்கள்

பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போனால் அது அவனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. அட்டெண்டன்ஸுக்கு "உள்ளேன் ஐயா" வராத நாளில் கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்புக்கே பொதுவாக வைத்துவிடலாம். வாசிப்பு வரிசையாக வந்தால், தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம்தான் வாசிப்பதைவிடக் கொடுமை. அவனை முதல் ஆளாகக் கூப்பிடலாம், அல்லது பக்கத்துப் பிள்ளையோடு ஜோடியாக வாசிக்கவைக்கலாம். ஜோடி வாசிப்பில் திக்கல் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் "நீ வாசிக்கவே வேண்டாம், உட்காரு" என்பது இரக்கம்போலத் தெரியும் தண்டனை. எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பள்ளியில் அப்படித்தான் நடந்தது. பத்தாம் வகுப்புவரை நான் வகுப்பில் ஒரு வரிகூடச் சத்தமாக வாசித்ததில்லை. அந்த நாலு வருஷ நிம்மதிக்கு அடுத்த பத்து வருஷம் வட்டி கட்டினேன்.

கேலி இருந்தால் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். "பசங்க விளையாட்டு" என்று விட்டுவிட்டால் திக்கும் பிள்ளை அதன்பிறகு உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவான். இப்போது கேலி வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது, ஒருவன் திக்குவதைப் பதிவு செய்து குரூப்பில் போடுகிறார்கள். கரையோரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்போடு நின்று கடலுக்குப் போகும் பையன்களில் சிலர் படிப்பு ஏறாமல் நின்றவர்கள் இல்லை, வாய் திறக்கப் பயந்து நின்றவர்கள். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

படி 7: பயத்துக்கு ஏணி கட்டுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, மாதக்கணக்கில் பிடிக்கும். மனநல நிபுணர்கள் பதற்றத்துக்குச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் உள்ள வழிதான்.

பிள்ளையே ஒரு தாளில் பத்து இடங்களை எழுதட்டும், பயம் குறைவானது கீழே, கூடியது மேலே. ஒரு பையன் எழுதியது இப்படி இருந்தது: அடியில் பாட்டியிடம் கதை சொல்வது, அதற்கு மேல் கடையில் சீனி கேட்பது, பிறகு பஸ்ஸில் டிக்கெட், ஐஸ் கம்பெனிக்குப் போன், சர்ச்சில் வாசகம், உச்சியில் மீன் ஏலம். ஏலத்தில் விலையைத் தாமதமாகச் சொன்னால் பெட்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும், அந்த அவசரமே அவனுக்கு எமன்.

ஒரு படி, ஒரு வாரம். போவதற்கு முன் ஒரு கேள்வி: "என்ன நடக்கும்னு நெனைக்கிற?" வந்தபின் ஒரு கேள்வி: "என்ன நடந்துச்சு?" இரண்டையும் அவன் நோட்டில் எழுதட்டும். "கடைக்காரர் சிரிப்பார்" என்று எழுதிவிட்டுப் போனவன் "அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு கேட்டார்" என்று எழுதுவான். சில நாள் சிரிக்கவும் செய்வார்கள். அதையும் எழுதட்டும், சிரித்த பிறகும் சீனி கைக்கு வந்ததா என்பதையும் சேர்த்து.

இலக்கு திக்காமல் கேட்பது இல்லை, கேட்பது. திக்கிக்கொண்டே சீனி வாங்கிவந்தால் அன்றைக்கு ஜெயிப்புதான். "இன்னைக்குத் திக்காமப் பேசுனியே, சூப்பர்" என்று பாராட்டாதீர்கள், அடுத்த நாள் திக்கும்போது தோற்றுவிட்டதாக நினைப்பான்.

படி 8: வேண்டுமென்றே திக்குவது

கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர், இவரும் திக்குபவரே, இதைப் பெரிதாகப் பயன்படுத்தினார். வரும் என்று பயந்துகொண்டிருப்பதை நாமே வரவழைத்துவிட்டால் அதன் பல் பிடுங்கப்பட்டுவிடும். வராத எழுத்தில் இல்லாமல், சுலபமாக வரும் சொல்லில், இறுக்கமில்லாமல் "சீ-சீ-சீனி" என்று செய்ய வேண்டும். வீட்டில் அப்பாவும் சேர்ந்து செய்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். ஒரு மீனவர் தன் மகனுக்காகக் கடையில் போய் தானே திக்கிக் காட்டினார். வெளியே வந்து "உள்ளங்கை வேர்த்துப்போச்சுடா" என்றாராம். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் "நடிக்கிறான்" என்ற பேச்சு நின்றது.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லிவிடுவது. "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரமாகும்." ஒளிக்க வேண்டிய பாரம் அங்கேயே இறங்கிவிடும். புதுப் பள்ளி, கல்லூரி நேர்காணல் எல்லாவற்றிலும் இதை முதல் வாக்கியமாக வைக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள்

இந்த வயதில் திக்குபவர்களில் பெண்கள் குறைவு, சுமார் நாலு ஆணுக்கு ஒரு பெண். குறைவாக இருப்பதாலேயே தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். பேசாத பெண்ணை 'அடக்கமானவள்' என்று ஊர் மெச்சும், யாரும் அதற்குள் பயத்தைத் தேடமாட்டார்கள். விருந்தாளி வந்தால் உள்ளே அனுப்புவது, போனை அக்காவிடம் கொடுப்பது, "பொண்ணு பாக்க வர்றப்ப பேச வேணாம்" என்று பதினாறு வயதிலேயே சொல்லிவைப்பது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஒருவரையொருவர் கூவிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் கண்டால் மேலே சொன்ன படிகள் அத்தனையும் அவளுக்கும்தான்.

படி 9: யாரிடம் போவது

பேச்சுச் சிகிச்சையாளரிடம். பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு) அல்லது அதற்கு மேல் படித்தவரா என்று கேளுங்கள். ராம்நாடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்துத் தொடங்கலாம். 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உண்டு. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் உண்டு.

முதல் நாளே "பயம், வெட்கம் பற்றியும் வேலை செய்வீர்களா?" என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித்தந்து அனுப்பினால் அறைக்குள் நன்றாகப் பேசுவான், பஸ்ஸில் ராமேஸ்வரம் டிக்கெட்தான் வாங்குவான். "15 நாளில் முழு குணம்" என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அங்கே போய் வந்து மறுபடி திக்கும்போது பிள்ளை தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வான்.

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறான், நண்பர்களை விட்டுவிட்டான், தூங்கவில்லை, "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான் என்றால் ஏணியெல்லாம் பிறகு. அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் எடுப்பார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "நீயே போன் பண்ணு" என்று நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். திக்குபவர்கள் பலருக்குப் போன் ரொம்பக் கஷ்டமான காரியம். நீங்கள் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

நோட்டை வைத்திருங்கள்

இடையில் திக்கல் கூடும். பரீட்சைக் காலம், வீட்டில் சண்டை, கடலுக்குப் போன அப்பா குறித்த நேரத்தில் திரும்பாத இரவு. ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏறினால் போதும். அப்போது பழைய நோட்டு கைகொடுக்கும். டிக்கெட் பையனின் நோட்டில் போன ஆடியில் எழுதிய ஒரு பக்கம் என் போனில் படமாக இருக்கிறது, அவன் அனுமதியோடு:

"பாம்பன் ஒண்ணு கேட்டேன். அஞ்சு தடவை ப. பின்னாடி ஒரு அக்கா திரும்பிப் பாத்துச்சு. கண்டக்டர் சிரிக்கல. சில்லறை இருக்கான்னுதான் கேட்டார். இல்லை."